பெரியக்காளின் மூச்சு

வடக்கே மழை இறங்கினால் கருக்கம்பாளையத்துக்கு ஆண்கள் வந்து சேருவார்கள். எங்கோ ராஜஸ்தானிலும் பஸ்தர் காட்டிலும் மண் குழைந்து சேறாகி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் சக்கரம் புதைந்து வேலை நின்றுபோனால்தான், திருச்செங்கோட்டு மலைக்குக் கீழே இருக்கிற இந்த ஊரில் கோழிக்குழம்பு கொதிக்கும், கட்டில்கள் வாசலுக்கு வரும், பெண்கள் பெட்டியிலிருக்கிற புடவையைச் சும்மாவே எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். ஆயுதபூசை முடிந்ததும் வண்டிகள் மறுபடி வடக்கே கிளம்பிவிடும். மழைக்காலத்தில் புருஷன் வீட்டுக்காரிக்கு, மற்ற காலமெல்லாம் வண்டிக்கு என்பது ஊரில் எழுதாத பாகப்பிரிவினை. அதை எந்தப் பெண்ணும் எதிர்த்துப் பேசியதில்லை.

தெய்வானை பேசினாள். வாயாடி என்று பெயர் வாங்குகிற அளவுக்குப் பேசினாள். அவள் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முந்தின வருஷமே அவள் புருஷன் அந்த ரிக் வண்டியை வாங்கிவிட்டிருந்தான். அதனால் வண்டியில் வேலை செய்கிறவர்கள் வண்டியைப் பெரியக்கா என்றும் அவளைச் சின்னக்கா என்றும் கேலி பேசத் தொடங்கி, கேலி பழகிப்போய் அதுவே பெயராகிவிட்டது. "பெரியக்கா இன்னைக்கு மொரண்டு பண்றா", "பெரியக்காளுக்கு ஆயில் மாத்தோணும்" என்று புருஷன் போனில் கொஞ்சலாகப் பேசுவதைக் கேட்கிறபோதெல்லாம் தெய்வானை அம்மியில் மிளகாயை ஓங்கி ஓங்கி அரைப்பாள். மகள் மேகலை பிறந்தபோது அவன் ஜோத்பூரில் இருந்தான். பெரியக்காளுக்குக் கம்ப்ரசர் மாற்றியபோது மட்டும் சோறு தண்ணி மறந்து பட்டறையிலேயே கிடந்தான். இதை அவள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

அவன் பெயர் அர்த்தநாரி. மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சாமியின் பெயர். கதை சொல்கிற நமக்கு அதைச் சொல்வதில் ஒரு சங்கடமும் இல்லை, தெய்வானைக்குத்தான் வாய் வராது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாய்விட்டுச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று பெற்றவள் சொல்லி அனுப்பியிருந்தாள், அவளும் அதை நம்பினாள். ரேஷன் கடையில் கேட்டால் மலையைக் கை காட்டுவாள், கடைக்காரரும் மலையைப் பார்த்து எழுதிக்கொள்வார். அவளுடைய செல்போனில்கூட 'அவிங்க' என்றுதான் பதிந்திருந்தது. ஆனால் பெரியக்காளின் நெற்றியில், முன்கண்ணாடிக்கு மேலே, முழ உயரச் சிவப்பு எழுத்தில் அர்த்தநாரி என்று எழுதியிருந்தது. அதைச் சுமந்துகொண்டு அவள் தேசம் முழுக்கச் சுற்றினாள், போகிற ஊர்களிலெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வண்டியை விசாரித்தார்கள். தன்னால் ஒரு தடவைகூட வாயில் வைக்க முடியாததை ஒரு இரும்புக் கழுதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறதே என்று தெய்வானை குமைந்தாள்.

அந்த வருஷம் மழைக்கு வண்டிகள் திரும்பி வந்தபோது பெரியக்கா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, டிரைவர் பொங்கியண்ணன் கீழே இறங்கிய பிறகும், வேப்பமரத்தடியில் நின்ற வண்டியின் விலாத்தகடுகள் மெல்ல ஏறி இறங்கின. பக்கத்தில் போனால் சூடான காற்று முகத்தில் பட்டது. இறங்கி வந்த அர்த்தநாரி சிரித்தான், பேசினான், தண்ணீர் வாங்கிக் குடித்தான், ஆனால் அவன் நெஞ்சு மட்டும் அசையவில்லை. தெய்வானை அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். காற்றில்லாத அறை மாதிரி இருந்தது.

"என்னுங் இது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல புள்ள. மூச்சு வண்டியில இருக்குது," என்றான் அவன், செருப்பை வண்டியில் விட்டுவிட்டு வந்தவன் சொல்வதுபோல.

விவரம் சொன்னது சுக்ராம். பஸ்தர்க்காரன், மீசை நரைத்தவன், பல வருஷமாகப் பெரியக்காளுக்குத் துளை போடும் ராடு மாட்டுகிறவன், வண்டியோடு சேர்ந்து தமிழையும் கொங்குப் பேச்சாகவே பழகிக்கொண்டவன். அவனுடைய சொந்த ஊரில் குழி போட்டுக்கொண்டிருந்தபோது காற்றுக் குழாய் வெடித்து அர்த்தநாரியைத் தூக்கி அடித்திருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டுவதற்கு முன்னால் மண்ணிடமும், மரத்தை வெட்டுவதற்கு முன்னால் மரத்திடமும் கேட்டுக்கொண்டுதான் செய்வார்கள், ஏனென்றால் அந்த ஊரில் உயிர் என்பது ஆளுக்கு மட்டும் சொந்தமில்லை. சாமியாடுகிற சுக்ராமின் அத்தை ஓடி வந்து, வாயிலிருந்து கிளம்பிவிட்ட மூச்சைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையிலும் பொத்திப் பிடித்துவிட்டாள். உடம்பு அடிபட்டுக் கிடக்கிறது, ஆறுகிற வரைக்கும் வேறெங்காவது வைக்க வேண்டும், இந்த ஆளோடு நன்றாகப் பழகியவர்கள் இங்கே யார் என்று கேட்டிருக்கிறாள்.

"எல்லாரும் வண்டியக் காட்டிட்டோமுங், சின்னக்கா," என்றான் சுக்ராம்.

உயிர் பிழைத்து வந்தானே என்று மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொள்ள வேண்டியவள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். நன்றாகப் பழகியவர்கள் யாரென்று கேட்டதற்கு எல்லாரும் வண்டியைக் காட்டினார்களாம்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணி உடைத்து, ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் வைத்துக் கும்பிடுகிற ஊருக்கு, அதில் ஒன்று பதிலுக்கு மூச்சு விட்டால் வியக்க என்ன இருக்கிறது. டவுன் டாக்டர் வந்து அர்த்தநாரியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு நேராக வேப்பமரத்தடிக்குப் போய் பெரியக்காளின் பானட்டில் வைத்துக் கேட்டார், துடிப்பு நன்றாக இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். யாருக்குச் சொல்வது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அர்த்தநாரி எதிர்வீட்டுக் கல்யாண விருந்தில் அளவு தெரியாமல் சாப்பிட்ட அன்று வண்டி விக்கியது. அவன் மழையில் நனைந்தால் வண்டிக்குச் சளி பிடித்தது, டீக்கடைக்காரர் சுக்குக் காப்பி போட்டு ரேடியேட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஆரன் அடித்து விளையாடக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டி வைத்தார்கள். ரிக்கின் கோபுரத்துக் கம்பிகளில் கதகதப்புக்காகக் குருவிகள் கூடு கட்டின. அடுத்த வீட்டுப் பாப்பாத்தி தன் வீட்டு வண்டியிலும் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கூட்டுது வெறும் இரும்புதான்," என்று பெருமூச்சு விட்டாள். அது நிம்மதியா ஏக்கமா என்று தெய்வானைக்கு விளங்கவில்லை.

தெய்வானையின் பாடுதான் பெரும்பாடாக இருந்தது. வண்டியை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே அவனுக்குக் கண் இருட்டும், அதனால் கட்டிலை வேப்பமரத்தடிக்கே கொண்டுபோய்விட்டான். அவள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி நெய் ஊற்றி எடுத்துப்போனால், முதுகைச் சக்கரத்தில் சாய்த்துக்கொண்டு உண்பான். பக்கத்தில் உட்கார்ந்து மேகலையின் படிப்பைப் பற்றியும், கிணற்றடித் தென்னையைப் பற்றியும் அவள் பேசுவாள். பேசிக்கொண்டே விலாத்தகடுகளை ஓரக்கண்ணால் பார்ப்பாள். தன் பேச்சுக்கு அந்த மூச்சு கொஞ்சமாவது வேகமாகிறதா என்று பார்ப்பாள். அது பாட்டுக்கு ஒரே சீராக ஓடும். ஆனால் அவன் ஷாம்பூ பாக்கெட்டைப் பிரித்துக் கண்ணாடியைத் துடைக்கும்போதும், சங்கிலிக்கு எண்ணெய் விடும்போதும் தகடுகள் படபடவென்று ஏறி இறங்குவதை அவள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

ஒரு நாள் அவன் தண்ணீர்த் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தபோது, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, தெய்வானை பெரியக்காளின் நெஞ்சுத்தகட்டில் காதை வைத்தாள். உள்ளே துடித்தது. கல்யாணமான புதிதில் அவன் நெஞ்சில் தலை வைத்துக் கேட்ட அதே துடிப்பு, நடுவில் லேசாகத் தயங்கிவிட்டுத் தொடர்கிற அதே நடை. கட்டிய புருஷனின் துடிப்பைக் கேட்க இன்னொருத்தி மார்பில் காது வைக்க வேண்டியதாகிவிட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு காலால் டயரை ஓங்கி ஓர் உதை விட்டாள். தொட்டியடியில் அர்த்தநாரி, "ஐயோ முழங்காலு," என்று கத்தினான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதையும் சுக்ராம்தான் சொன்னான். உடம்பு ஆறிய பிறகு, அவனுக்காக யார் காத்துக்கிடக்கிறார்களோ அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூச்சு இறங்கி வந்துவிடும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள். வண்டி மறுபடி வடக்கே கிளம்பி இந்த ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும், தாண்டிவிட்டால் இரும்பிலேயே வேர் விட்டுவிடும். காத்துக்கிடப்பது யார் என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, எல்லாரும் தெய்வானையைத்தான் பார்த்தார்கள்.

மறுநாளே ஊர் கூடிவிட்டது. தெய்வானை குளித்துவிட்டு வந்து வண்டிக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து, "ஏனுங்..." என்று கூப்பிட்டாள். அந்த ஊரில் எல்லாப் பெண்டாட்டிகளும் கூப்பிடுவது அப்படித்தான் என்பதால், தெருவில் நின்ற அத்தனை புருஷன்மார்களுக்கும் நெஞ்சில் சுருக்கென்று இழுத்தது, வண்டி மட்டும் அசையவில்லை. மலையைக் காட்டி, "அந்தச் சாமி பேருள்ளவிங்களே," என்றாள். ஒன்றும் ஆகவில்லை. "மேகலை அப்பா," என்றாள். அதற்கு மூச்சு ரேடியேட்டர் வரைக்கும் வந்து, வெதுவெதுப்பாக வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய்விட்டது.

"பேரச் சொல்லு தெய்வான. அவிங்க ஊர்ல பேரச் சொன்னாத்தான் உசுரு வருமாமா," என்று பாப்பாத்தி கையைப் பிசைந்தாள்.

"நம்மூர்ல பேரச் சொன்னா உசுரு போகுமுங்க்கா. எதைன்னு நம்பறது? நான் சொல்லி, அதுவும் இல்லாமப் போயிட்டா?" என்று கேட்டாள் தெய்வானை.

அர்த்தநாரி மட்டும், "விடுங்கடா அவள. எங்க இருந்தா என்ன, பத்திரமாத்தான இருக்குது," என்று வண்டியைத் தட்டிக் கொடுத்தான். வாழ்க்கையில் அவள் கேட்ட பேச்சுகளிலேயே அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

வடக்கே மழை ஓய்ந்தது. ஊரெல்லாம் வாழைக்கன்றும் மாவிலையும் பொரியுமாக ஆயுதபூசை வந்தது. பூசைக்கு முந்தி வண்டிகளுக்குப் பெயரைப் புதிதாக எழுதுவது வழக்கம். அதற்காக வந்த பெயிண்டர் பெரியக்காளின் நெற்றியில், பழைய எழுத்தை ஒவ்வொன்றாகச் சுரண்டி, அதனதன் இடத்தில் உடனுக்குடன், இன்னும் பெரிதாக, இன்னும் சிவப்பாக, இரண்டு பக்கமும் தாமரை வைத்து அர்த்தநாரி என்று எழுதிக்கொண்டிருந்தான். அர்த்தநாரி கீழே நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பொண்ணுக்கு அலங்காரம் நடக்கும்போது மாப்பிள்ளை எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது அவன் முகம். தன்னை அந்த முகத்தோடு அவன் எப்போது பார்த்தான் என்று தெய்வானை யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. ஒரு வேளை பார்த்திருக்கலாம், ஞாபகம் வராத அளவுக்கு அவளுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

எழுதி முடித்து பெயிண்டர் டீ குடிக்கப் போனான். அர்த்தநாரி பூசைக்குக் குளிக்கத் தொட்டியடிக்குப் போனான். தெய்வானை சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள், முந்தானையைச் செருகினாள், பெயிண்டரின் ஏணியில் ஏறினாள், டின்னில் இருந்த தின்னரில் கந்தல் துணியை முக்கி அந்தப் பெயரை அழித்தாள். ஈரம் காயாத சிவப்பு இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. தாமரையை அழித்தாள், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அழித்தாள். "எம்புருஷன் பேரு உனக்கு எதுக்குடி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். கடைசிப் புள்ளியும் போனபோது மனசு குளிர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் குளிர்ச்சி ஏணியிலிருந்து இறங்குகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. அவள் கைக்குக் கீழே தகடு ஏறுவதை நிறுத்தியது. கோபுரத்துக் குருவிகள் ஒன்றாகக் கிளம்பின. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் மொள்ளுகிற சொம்பு உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த மூச்சு தங்கியிருந்தது இரும்பில் இல்லை, அந்தப் பெயரில்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தொட்டியடியில் அர்த்தநாரி ஈரத் துண்டோடு மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. ஊரே ஓடி வந்தது. "உசுருக்கு இப்ப ஊடே இல்லைங், சின்னக்கா! காத்துல நிக்குது! கூப்புடுங்! போயிறப் போகுது!" என்று சுக்ராம் கத்தினான். தெய்வானை அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சொன்னால் ஆயுசு குறையும் என்று சொன்ன அம்மாவை நினைத்தாள். சொல்லாமல் இருந்து சேர்த்து வைத்த ஆயுசெல்லாம் யாருக்குப் போனது என்று நினைத்தாள்.

"அர்த்தநாரி," என்றாள்.

முதலில் உதடு மட்டும்தான் அசைந்தது. இரண்டாம் தடவை சத்தம் வந்தது. அதற்கப்புறம் அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. கல்யாணத்தன்று சொல்லாததை, பிரசவ வலியில் பல்லைக் கடித்து விழுங்கியதை, வருஷா வருஷம் வண்டி கிளம்பிப் போகும்போது புழுதிக்குப் பின்னால் நின்று கூப்பிடத் துடித்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டதை, அத்தனையையும் சேர்த்து, அர்த்தநாரீ, அர்த்தநாரீ என்று மலைக்குக் கேட்கும்படி கத்தினாள். அப்போது வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்றுகள் மூச்சு விட்டன, சொம்பு மூச்சு விட்டது, பூசைக்குப் பரப்பி வைத்த ஸ்பேனரும் சுத்தியலும் அரிவாள்மனையும் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு வாங்கிப் பக்கத்தில் இருந்ததிடம் கொடுத்தன, கடைசியில் அது தெய்வானையின் தொண்டைக்குள் வந்து ஒரு கணம் நின்று, அங்கிருந்து இறங்கி அவன் நெஞ்சுக்குள் போனது. அர்த்தநாரி நீளமாக இருமினான்.

"யாரு புள்ள எம்பேரச் சொன்னது?"

"நானுங்."

அவன் அவளையே பார்த்தான். "நல்லாருக்குது. இன்னொருக்காச் சொல்லு."

"ஏன், பெரியக்காளக் கேக்கறது? அவதான் இத்தன வருஷம் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சா," என்றாள் தெய்வானை. சொல்லிவிட்டு அவன் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதாள்.

மறுநாள் காலை வண்டிகளெல்லாம் கிளம்பின, பெரியக்கா கிளம்பவில்லை. பொங்கியண்ணன் சாவியைத் திருப்பித் திருப்பிக் கை சலித்தார். பேட்டரி மாற்றினார்கள், டீசல் பைப்பைக் கழற்றி ஊதினார்கள், டவுனிலிருந்து மெக்கானிக் வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஓட மனசில்லை என்றார். தெய்வானை வாசலில் நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடாவிட்டால் போகட்டும், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போது வெயில் வண்டியின் முகத்தில் விழுந்தது. சிவப்பு அழிந்த நெற்றி வெறுமையாக, ஓரங்களில் மட்டும் கறை இழுபட்டு நின்றது. அந்த நெற்றியை அவளுக்குத் தெரியும். அதே தெருவில், புருஷனைப் பறிகொடுத்தவர்களை நடுவீட்டில் உட்கார வைத்து, மற்ற பெண்கள் சுற்றி நின்று அழுதுகொண்டே துடைத்துவிட்ட நெற்றி அது. புருஷன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்திக்குத் தன் கையால் அதைச் செய்துவிட்டாள். பெரியக்காளுக்கு என்ன கோளாறு என்பது மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. தெய்வானைக்கு அது தெரியாமல் போகுமா, கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இருந்ததும் அதே கோளாறுதானே.

உள்ளே போய்த் தன்னுடைய குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். ஏணியில் ஏறி, வெற்று நெற்றியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைத்தாள்.

"இதப் பாருக்கா," என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை அக்கா என்றாள். "பொட்ட நீ வெச்சுக்க. பேரு எங்கிட்ட இருக்கட்டும். அவிங்கள இருட்டுல ஓட்ட உடாத, கண்ணு சரியில்ல. வெடிக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லித் தொலை. கேட்டுதா?"

வண்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பொங்கியண்ணன் சாவியில் கை வைப்பதற்கு முன்னாலேயே உறுமிக்கொண்டு எழுந்தது.

இப்போது பெரியக்காளின் நெற்றியில் பெயர் இல்லை, பொட்டு மட்டும்தான். தெய்வானை ரேஷன் கடையில் மட்டும் இன்றைக்கும் மலையைத்தான் காட்டுகிறாள். ஆனால் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, அர்த்தநாரி என்று ஒரு தடவை கூப்பிடுகிறாள். அடுப்படிப் பாத்திரங்கள் லேசாக அதிரும், கல்தூளும் டீசலும் மணக்கிற ஒரு வெதுவெதுப்பான காற்று வந்து அவள் கழுத்தோரம் உட்காரும். மேகலையின் படிப்பைச் சொல்வாள், தென்னையைச் சொல்வாள், அது படபடக்கிறதா என்று பார்ப்பாள், படபடக்கும். பிறகு போகச் சொல்வாள். அன்றைக்குப் போனில் அவன் பெரியக்காளைப் பற்றிக் கொஞ்சலாக ஒரு வார்த்தை பேசியிருந்தால், சோறு வேகிற வரைக்கும் விடமாட்டாள்.

அந்த நேரத்தில் அங்கே, முகம் தெரியாத ஏதோ ஓர் ஊரின் வயல் நடுவே, பெரியக்கா தானாகவே எஞ்சினை அடக்கிக்கொள்வாள். அர்த்தநாரி ராடைப் பிடித்தபடி நெஞ்சு அசையாமல் நிற்பான். பாதிக் குழியில் வேலை நின்றுவிட்டதே என்று தோட்டத்துக்காரர்கள் பதறிக்கொண்டு ஓடி வருவார்கள். சுக்ராம் கையைக் காட்டி அவர்களை ஓரமாக உட்காரச் சொல்வான்.

"அண்ணன் ஊட்டுக்குப் போயிருக்காருங். சின்னக்கா உட்டதும் வந்துருவாரு."